ஏஎஸ்/400 இயந்திரத்தில் கோப்புகளை மறுசீரமைத்தால் வேகம் கூடுமா?

கேள்வியின் சாரம் இது: பல ஆண்டுகளாக ஓடும் ஏஎஸ்/400 வகை இயந்திரம், அதாவது ஐபிஎம்மின் பல பயனர் வணிகக் கணினி. பகலில் 80 பேர் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். ஆர்டர் விவரக் கோப்பைப் படிக்கும் இரவு வேலை முன்பு 2 மணி நேரத்தில் முடிந்தது, இப்போது 5 மணி நேரம் எடுக்கிறது. எல்லாக் கோப்புகளையும் வாரம் ஒரு முறை மறுசீரமைக்கும் (அழிந்த ரெக்கார்டுகளின், அதாவது பதிவுகளின், இடத்தை நீக்கி மற்றவற்றைத் திரும்ப அடுக்கும்) வேலையை அட்டவணையில் போட்டுவிடலாமா?

எல்லாக் கோப்புகளையும் வாரந்தோறும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். அந்தப் பழக்கத்தைச் சில இடங்களில் நேரில் பார்த்திருக்கிறேன். இயந்திரம் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உழைக்கும். திங்கட்கிழமை காலையில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. நூற்றுக்கணக்கான கோப்புகள் இருந்தாலும், மறுசீரமைப்பால் உண்மையில் பலன் பெறுபவை ஐந்தோ பத்தோதான். அவற்றைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. அவற்றிலும்கூட அழிந்த ரெக்கார்டுகளை அகற்றுவதைவிட, உயிரோடு இருக்கும் ரெக்கார்டுகள் எந்த வரிசையில் கிடக்கின்றன என்பதுதான் பெரும்பாலும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த இயந்திரத்தில் ஒரு ரெக்கார்டை அழித்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் அதன் நீளத்துக்கு மேல் ஒரு பைட்டு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அழிக்கும்போது அந்த பைட்டில் 'இது அழிந்தது' என்ற அடையாளம் விழுகிறது, அவ்வளவுதான். ரெக்கார்டு இருந்த இடம் அப்படியே இருக்கிறது. கோப்பின் அளவு ஒரு பைட்டுகூடக் குறைவதில்லை. 1988 ஜூனில் ஏஎஸ்/400 வந்தபோதும் இப்படித்தான். இன்று ஐபிஎம் ஐ என்ற இயக்க முறைமை ஓடும் இயந்திரத்திலும் இப்படித்தான். ஒரு மெம்பரில் (கோப்புக்குள் ரெக்கார்டுகள் இருக்கும் பகுதி) அதிகபட்சம் 4,294,967,288 ரெக்கார்டுகள் இருக்கலாம் என்ற வரம்பிலும் அழிந்தவை சேர்த்தே எண்ணப்படுகின்றன.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ரெக்கார்டு நீளம் 199 பைட்டு. அடையாள பைட்டோடு 200. நினைவகத்தின் ஒரு பக்கம் 4,096 பைட்டு, ஆகவே ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 20 ரெக்கார்டுகள். கோப்பில் உயிரோடு 1 கோடி, அழிந்தவை 1.5 கோடி என்று வைத்துக்கொள்வோம். முதலிலிருந்து கடைசிவரை படிக்கும் எந்த நிரலும் சுமார் 12.2 லட்சம் பக்கங்களை வட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அழிந்தவை இல்லாவிட்டால் 4.9 லட்சம் போதும். முழுக் கோப்பையும் அலசும் வினவல்கள், அறிக்கைகள், நகலெடுப்புகள் எல்லாம் இந்தக் கூடுதல் பாரத்தைச் சுமக்கின்றன. அந்த வெற்றுப் பக்கங்கள் நினைவகத்திலும் இடம் பிடித்துக்கொள்வதால், பகலில் திரைமுன் உட்கார்ந்திருக்கும் 80 பேருக்குத் தேவையான பக்கங்கள் வெளியே தள்ளப்படுகின்றன. பல பயனர் இயந்திரத்தில் ஒரு கோப்பின் கோளாறு எல்லோரையும் தொடுவது இப்படித்தான்.

ஆனால் உங்கள் இரவு வேலை கோப்பை முழுவதுமாக அலசுகிறதா, கீ (வாடிக்கையாளர் எண் போன்ற தேடு புலம்) வழியாகப் படிக்கிறதா? கீ வழியாகப் படித்தால் மேலே சொன்ன கணக்கு பெரிதாகப் பொருந்தாது. அழிந்த ரெக்கார்டுக்கு இண்டெக்ஸில் (கீ வரிசையில் ரெக்கார்டுகளின் இடத்தைச் சுட்டும் பட்டியல்) இடம் இல்லை. நிரல் அதன் பக்கம் போவதே இல்லை. அங்கே பிரச்சினை வேறு. ஒரு வாடிக்கையாளரின் ஓராண்டு ஆர்டர் வரிகள் 300 என்று கொள்ளுங்கள். அவை வந்த தேதிப்படி ஆண்டு முழுவதும் கோப்பில் சிதறிக் கிடக்கின்றன. வாடிக்கையாளர் எண் வரிசையில் படிக்கும் நிரல், 300 வரிகளுக்கு ஏறக்குறைய 300 பக்கங்களைத் தேடி எடுக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு ரெக்கார்டுதான் அதற்கு வேண்டும். மற்ற 19 வேறு வேறு வாடிக்கையாளர்களுடையவை. அவர்கள் முறை வருவதற்குள் அந்தப் பக்கம் நினைவகத்தைவிட்டுப் போயிருக்கும், மறுபடி படிக்க வேண்டும். இதே 300 வரிகளும் வாடிக்கையாளர் எண் வரிசையில் அடுத்தடுத்து அடுக்கப்பட்டிருந்தால் 15 அல்லது 16 பக்கங்களில் வேலை முடிந்துவிடும். ஓர் அழிந்த ரெக்கார்டுகூட இல்லாத கோப்பிலும் இந்த வித்தியாசம் கிடைக்கும். இப்போது பெரும்பாலான இயந்திரங்களில் திடநிலை வட்டுகள் வந்துவிட்டதால் ஒவ்வொரு தேடலின் விலையும் குறைந்துவிட்டது உண்மை. பக்கங்களின் எண்ணிக்கையும் அவை பிடிக்கும் நினைவகமும் குறையவில்லை.

அழிந்த இடத்தைத் தானாகவே மறுபடி பயன்படுத்தச் சொல்லும் ரீயூஸ்டிஎல்டி என்ற பண்பு இருக்கிறதே, அதைப் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். எஸ்கியூஎல் என்ற தரவுத்தள மொழி வழியாக உருவாக்கிய அட்டவணைகளில் அது இயல்பாகவே இயங்கும்; டிடிஎஸ் என்ற பழைய கோப்பு வரையறை முறையில் உருவாக்கிய கோப்புகளில் இயல்பாக அணைந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் இந்த இயந்திரம் ஓடும் நிறுவனங்களில் பெரும்பாலான கோப்புகள் இரண்டாம் வகைதான். பண்பை இயக்கினால் கோப்பு வீங்குவது நிற்கும், அது நல்லது. ஆனால் புதிய ரெக்கார்டு எங்கே காலி இருக்கிறதோ அங்கே போய் உட்காரும். ஒரே ஆர்டரின் பத்து வரிகள் பத்துப் பழைய காலியிடங்களில் சிதறலாம். வந்த வரிசை என்ற ஒன்று இனி இல்லை. அதை நம்பும் நிரல்கள் தவறும். ஒரே கீ உள்ள ரெக்கார்டுகளை வந்த வரிசையிலோ அதற்குத் தலைகீழாகவோ தரும் ஃபிஃபோ, லிஃபோ குறிப்புகள் உள்ள கோப்புகளுக்கு இந்தப் பண்பைக் கொடுக்கவே முடியாது.

எச்பி நிறுவனத்தின் பழைய வணிகக் கணினியான எச்பி 3000 இயந்திரத்தின் இமேஜ் தரவுத்தளத்தில் வேலை செய்தவர்களுக்கு இது பழகிய கதை. அங்கே அழிந்த இடங்கள் ஒரு சங்கிலியில் கோக்கப்பட்டு உடனே மறுபயன்பாட்டுக்குப் போகும். கோப்பு வீங்காது, ஆனால் நாள்பட நாள்பட ஒரே வாடிக்கையாளரின் ரெக்கார்டுகள் கோப்பு முழுவதும் சிதறும். அதனால்தான் தரவுத்தளத்தை முழுவதும் இறக்கி, முதன்மைப் பாதையின் (முதன்மையாகக் குறித்த கீயின்) வரிசையில் திரும்ப ஏற்றுவார்கள். இடத்தை மறுபடி பயன்படுத்தாவிட்டால் ஓட்டைகள் பெருகும், பயன்படுத்தினால் வரிசை குலையும். எந்த இயந்திரமானாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, எந்தக் கோப்பு என்று கண்டுபிடிப்பது எப்படி? டிஎஸ்பிஎஃப்டி கட்டளை ஒவ்வொரு மெம்பரிலும் எத்தனை ரெக்கார்டுகள் உயிரோடு இருக்கின்றன, எத்தனை அழிந்திருக்கின்றன என்று காட்டும். ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொறுமை இல்லையென்றால் கியூஎஸ்ஒய்எஸ்2 லைப்ரரியில் சிஸ்டேபிள்ஸ்டாட் என்ற வியூ (வினவல் கொடுத்துப் பார்க்கும் பட்டியல்) இருக்கிறது. அழிந்த ரெக்கார்டுகளின் எண்ணிக்கைப்படி அதை இறங்குவரிசையில் அடுக்கினால் ஒரே திரையில் விடை கிடைத்துவிடும். விழுக்காட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 200 ரெக்கார்டு உள்ள கோப்பில் 90 விழுக்காடு அழிந்திருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. எண்ணிக்கை, அளவு, அந்தக் கோப்பை யார் எப்படிப் படிக்கிறார்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றாவதை எந்தக் கட்டளையும் சொல்லாது. நிரல்களைத் திறந்து படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மறுசீரமைக்கும் கட்டளை ஆர்ஜிஇசட்பிஎஃப்எம். அதில் உங்களுக்கு முக்கியமானது கீஃபைல் என்ற அளவுரு. எதுவும் குறிக்காமல் விட்டால் அழிந்தவற்றை நீக்கிவிட்டு, மற்றவற்றை இருந்த வரிசையிலேயே நெருக்கி வைக்கும். கோப்பின் சொந்தக் கீயையோ ஒரு லாஜிகல் கோப்பையோ (அதே ரெக்கார்டுகளை வேறு கீ வரிசையில் காட்டும் கோப்பு) குறித்தால் அந்தக் கீ வரிசையில் ரெக்கார்டுகளையே இடம் மாற்றி அடுக்கும். மூன்றாவது வழி, கோப்பின் கடைசியில் இருக்கும் ரெக்கார்டுகளை எடுத்து முன்னால் உள்ள ஓட்டைகளை அடைப்பது. ஓட்டைகள் குறைவாக இருக்கும்போது இதுதான் விரைவானது, ஏனென்றால் மிகக் கொஞ்சம் ரெக்கார்டுகளே நகர்கின்றன. பலரும் முதல் வழியிலேயே நின்றுவிடுகிறார்கள். உங்கள் இரவு வேலை கீ வழியாகப் படித்தால், உங்கள் சிக்கலுக்கு இரண்டாவதுதான் மருந்து. கோப்புக்கு மேல் பத்து லாஜிகல் கோப்புகள் இருந்தால் எதன் வரிசை என்ற கேள்வி வரும். அதிக ரெக்கார்டுகளை வரிசையாகப் படிக்கும் பேட்ச் ஜாப் (உங்கள் இரவு வேலை போல, திரைமுன் யாரும் இல்லாமல் ஓடுவது) எதுவோ, அதன் வரிசைதான். ஒரே ஒரு ரெக்கார்டைத் தேடி எடுக்கும் திரை நிரலுக்கு அடுக்கு முறையால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

கீ வரிசையில் அடுக்கிய பிறகு இன்னொரு சிறிய வேலையும் செய்யுங்கள். அந்த ஜாப் கோப்பைத் திறக்கும் முன் கொடுக்கும் ஓவிஆர்டிபிஎஃப் கட்டளையில், ஒரே தடவையில் எத்தனை ரெக்கார்டுகளை வட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று குறிக்கலாம். ரெக்கார்டுகள் சிதறிக் கிடக்கும்போது அது வீண். அடுத்தடுத்து இருக்கும்போது மறுசீரமைப்பின் முழுப் பலனும் அதில்தான் கைக்கு வருகிறது.

இப்போது பூட்டு. பழைய முறையில் இந்தக் கட்டளை கோப்பைத் தனக்கே தனக்காகப் பூட்டிக்கொள்ளும். வேறு யாரும் படிக்கக்கூட முடியாது. ஒரு புதிய நகலைத் தயாரித்து மாற்றிவைப்பதால், ஏறக்குறைய கோப்பின் அளவுக்கு வட்டில் காலியிடமும் வேண்டும். யாராவது ஒருவர் திரையை மூடாமல் வீட்டுக்குப் போயிருந்தால் இரவு வேலை தொடங்கவே தொடங்காது. திரை மூடியிருந்தாலும் எஸ்கியூஎல் பயன்படுத்தும் இணைப்புகள் சில, வேலை முடிந்த பின்னும் அடுத்த முறைக்காகக் கோப்பைத் திறந்தபடியே வைத்திருக்கும். கோப்பை ஒதுக்கும் ஏஎல்சிஓபிஜே கட்டளையில், இப்படிப் பிடித்துவைத்திருப்பவர்களை விட்டுவிடக் கேட்கும் வசதி இருக்கிறது. மறுசீரமைப்புக்கு முன் அதைக் கொடுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

2004-இல் வந்த வி5ஆர்3 பதிப்பிலிருந்து இடையில் நிறுத்தக்கூடிய மறுசீரமைப்பும் இருக்கிறது. பயனர்கள் படித்தும் எழுதியும் கொண்டிருக்கும்போதே ரெக்கார்டுகளைச் சிறிது சிறிதாக நகர்த்தும். காலை ஆனதும் நிறுத்திவிட்டு அடுத்த இரவு தொடரலாம். ஓய்வே இல்லாத இடங்களுக்கு இது பெரிய வரம். ஆனால் நிபந்தனைகள் இருக்கின்றன. கோப்பு ஜர்னலில் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் குறிப்பேடு) இருக்க வேண்டும். நகரும் ஒவ்வொரு ரெக்கார்டும் ஜர்னலில் பதிவாகும்; வேறொரு இயந்திரத்துக்கு நகல் அனுப்பும் ஏற்பாடு வைத்திருந்தால் அந்த இரவு அந்த வழி திணறும். எழுத அனுமதித்தபடி ஓடினால், கடைசியில் ஒரு சிறு பொழுதாவது கோப்பு முழுமையாகப் பூட்டில் கிடைத்தால்தான் மிச்சமான இடம் வட்டுக்குத் திரும்பும். உங்கள் நிறுவனத்தில் இரவு 11 மணிக்குப் பிறகு யாரும் இல்லையென்றால் பழைய முறையே எளிது.

நேரத்தை மதிப்பிடும்போது இண்டெக்ஸ்களை மறந்துவிடக் கூடாது. ரெக்கார்டு நகர்ந்தால் அதைச் சுட்டும் ஒவ்வொரு இண்டெக்ஸும் பொய்யாகிவிடுகிறது. அவ்வளவையும் புதிதாகக் கட்ட வேண்டும். ஒரு கோப்பின் மேல் 20 லாஜிகல் கோப்புகள் இருந்தால், ரெக்கார்டுகளை நகலெடுப்பதைவிட இண்டெக்ஸ் கட்டுவதற்கே அதிக நேரம் போகலாம். சோதனை இயந்திரத்தில் ஒரு முறை ஓட்டிப் பார்க்காமல் நேரடியாக இறங்காதீர்கள். அப்படியே அந்த 20-இல் எத்தனை இன்னும் பயன்பாட்டில் இருக்கின்றன என்றும் பாருங்கள். பத்தாண்டுகளுக்கு முன் ஓர் அறிக்கைக்காக யாரோ உருவாக்கிய லாஜிகல் கோப்பு, இன்றும் ஒவ்வொரு ரெக்கார்டு சேர்க்கும்போதும் தன் பங்குக்கு உழைப்பை வாங்கிக்கொண்டிருக்கும். அதை நீக்குவது சில நேரம் மறுசீரமைப்பைவிட நல்ல பலன் தரும். பழைய இண்டெக்ஸ்கள் 4 ஜிகாபைட்டு வரம்பு வகையில் இருந்தால் 1 டெராபைட்டு வகைக்கு மாற்றிவிடுங்கள். பழைய வகையில் ஒருவர் ரெக்கார்டு சேர்க்கும்போது முழு இண்டெக்ஸும் பூட்டப்படுகிறது. புதிய வகையில் ஒரு பக்கம் மட்டுமே பூட்டப்படும். ஒரே கோப்பில் பலர் ஒரே நேரத்தில் எழுதும் இடத்தில் இந்த மாற்றம் நன்றாகவே தெரியும்.

அடுத்து நான் சொல்லப்போவதை நானே அனுபவித்திருக்கிறேன். கோப்பில் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் அது இருக்கும் இடத்தின் வரிசை எண் உண்டு, ஆர்ஆர்என் என்போம். மறுசீரமைத்தால் இந்த எண்கள் மாறிவிடும். ஒரு நிறுவனத்தில் சரக்கு அனுப்பும் நிரலை எழுதியவர், மறுபடி கீ வழியாகத் தேடும் நேரத்தை மிச்சப்படுத்த, ஆர்டர் வரியின் ஆர்ஆர்என் எண்ணை இன்னொரு கோப்பில் சேமித்து வைத்திருந்தார். எனக்கு அது தெரியாது. சனிக்கிழமை இரவு கோப்பை மறுசீரமைத்தேன். எல்லாம் சுத்தமாக முடிந்தது. திங்கட்கிழமை காலை கிடங்கிலிருந்து அழைப்பு: அனுப்பாத சரக்கு 'அனுப்பியாயிற்று' என்று காட்டுகிறது, அனுப்பிய சரக்கு நிலுவையில் நிற்கிறது. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. நிரல் சேமித்து வைத்த எண்ணுக்குப் போனது, அங்கே வேறொருவரின் வரி இருந்தது, அதைத் திருத்திவிட்டது. காப்புநகலையும் ஜர்னலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரிசெய்ய இரண்டு நாள் பிடித்தது. அன்றிலிருந்து எந்தக் கோப்பைத் தொடும் முன்னும், அதைப் பயன்படுத்தும் எல்லா நிரல்களின் மூலத்திலும் ஆர்ஆர்என் வழியாகப் படிக்கும் இடம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்காமல் நான் கட்டளையைக் கொடுப்பதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜர்னலிலும் ஒவ்வொரு மாற்றமும் ஆர்ஆர்என் எண்ணோடுதான் பதிவாகிறது. மறுசீரமைத்த பின் வரும் பதிவுகள் பழைய காப்புநகலின் எண்களோடு பொருந்தாது. ஆகவே மறுசீரமைப்புக்கு முன் ஒரு காப்புநகல், முடிந்த உடனே இன்னொரு காப்புநகல். இரண்டாவதை எடுக்காமல் காலையில் பயனர்களை உள்ளே விடாதீர்கள்.

இத்தனையும் செய்த பிறகு ஓட்டைகள் மறுபடி விழத்தான் செய்யும். அவை எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். வேலைக் கோப்பு ஒன்றை ஒவ்வொரு இரவும் நிரப்பி, ஒவ்வொரு ரெக்கார்டாக அழிக்கும் நிரல் இருந்தால், அந்தச் சுற்றை எடுத்துவிட்டு சிஎல்ஆர்பிஎஃப்எம் கட்டளையால் மெம்பரை ஒரே அடியில் காலி செய்யுங்கள். இடமும் திரும்பும், நேரமும் மிஞ்சும். ஆண்டுக்கு ஒரு முறை பழைய ஆர்டர்களைக் கழிக்கும் வேலை இருந்தால் அதன் கடைசிப் படியாக மறுசீரமைப்பை வையுங்கள். மற்ற 51 வாரங்களும் அந்தக் கோப்பைச் சும்மா விடலாம். தினமும் சேர்வதும் அழிவதும் சமமாக நடக்கும் கோப்புகளுக்கு, வந்த வரிசையை எந்த நிரலும் நம்பவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மறுபயன்பாட்டுப் பண்பை இயக்குங்கள்.

உங்கள் ஆர்டர் விவரக் கோப்புக்கு நான் சொல்வது இதுதான். இரவு வேலை எந்த லாஜிகல் கோப்பு வழியாகப் படிக்கிறது என்று பாருங்கள். சோதனை இயந்திரத்தில் அந்தக் கீ வரிசையில் ஒரு முறை மறுசீரமைத்து, ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்ஆர்என் தேடலை முடியுங்கள். பிறகு ஒரு வார இறுதியில் உண்மைக் கோப்பில் செய்யுங்கள். அதற்கு முந்தைய இரவே, அந்த ஜாப் ஓடிய நேரத்தோடு அது வட்டை எத்தனை முறை தொட்டது என்ற எண்ணையும் எழுதி வையுங்கள்; இயங்கும் ஜாப்களின் திரையில் துணைச் சேமிப்பக இயக்கங்களின் எண்ணிக்கை என்ற நெடுவரிசையில் அது கிடைக்கும். நேரம் மற்ற ஜாப்களின் சுமையைப் பொறுத்து ஏறி இறங்கும். இந்த எண் அவ்வளவு ஆடாது. மறுசீரமைப்புக்குப் பின் அது பாதிக்கு மேல் குறைந்தால் காரணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். அசையவே இல்லையென்றால் உங்கள் மூன்று மணி நேரம் இந்தக் கோப்பில் தொலையவில்லை. அடுத்ததாக அந்த நிரல் திறக்கும் மற்றக் கோப்புகளையும், ஒவ்வொன்றிலும் அது எத்தனை முறை படிக்கிறது என்பதையும் ஜாப்பின் திறந்த கோப்புகள் பட்டியலில் பாருங்கள்.